'கிளீவ்': பிளத்தலும் பற்றுதலும்
ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் பிறப்பும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் 'கிளீவ்' என்னும் வினைச்சொல் 'பிளத்தல், இரண்டாகப் பிரித்தல்' என்னும் பொருளில் வழங்குகிறது. அதே வடிவம் 'ஒட்டிக்கொள்ளுதல், விடாது பற்றுதல்' என்னும் பொருளிலும் வழங்குகிறது. இவை ஒன்றுக்கொன்று நேர்மாறான செயல்கள். எனவே ஒரே சொல் தனக்குத் தானே எதிர்ச்சொல்லாக அமைந்தமைக்கு இதனைச் சிறந்த சான்றாகக் காட்டுவது பொதுவழக்கு. ஒரு சொல்லின் பொருள் காலப்போக்கில் தலைகீழாக மாறியது போன்ற தோற்றத்தை இவ்விளக்கம் தருகிறது.

மொழிவரலாறு இத்தோற்றத்தை உறுதிசெய்யவில்லை. 'கிளீவ்' என்பது இரு பொருள் கொண்ட ஒரு சொல் அன்று. ஒரே வடிவில் வந்து முடிந்த இரு சொற்கள். அவற்றை வேறுபடுத்திக் காட்டிய வினைத்திரிபை ஆங்கிலம் இழந்துவிட்டது. இவ்வேறுபாடு அகராதியிலும் மொழிபெயர்ப்பிலும் எத்தகைய விளைவுகளை உண்டாக்குகிறது என்பதை இக்கட்டுரை தமிழ், கன்னடச் சான்றுகளோடு ஒப்பிட்டு விளக்குகிறது.

2. இரு வேர்கள்

2.1 பிளத்தற்பொருள் தரும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'கிளேஒவன்' என வழங்கியது. இது வேர் உயிர் மாறி இறந்தகாலம் பெறும் வல்வினை வகையைச் சேர்ந்தது. ஜெர்மன் மொழியின் 'கிளீபன்', டச்சு மொழியின் 'கிளீவன்' ஆகியவை இதன் இனச்சொற்கள். ஜெர்மானியக் கிளைக்கு வெளியே, செதுக்குதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் தோலுரித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இவ்வேரோடு தொடர்புடையன. எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் 'ஹைரோகிளிஃப்' என்னும் சொல்லின் பிற்பகுதி அக்கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மூலமொழியின் ஒலிப்புடைய ககரம் ஜெர்மானியத்தில் ஒலிப்பற்ற ககரமாக மாறும் என்பது ஜேக்கப் கிரிம் 1822-இல் வகுத்துரைத்த ஒலிமாற்ற விதிகளுள் அடங்கும். கிரேக்கச் சொல் ஒலிப்புடைய ககரத்தோடும் ஆங்கிலச் சொல் ஒலிப்பற்ற ககரத்தோடும் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

2.2 ஒட்டுதற்பொருள் தரும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'கிளிவியன்' எனவும் 'கிளெஒவியன்' எனவும் வழங்கியது. இது தகர ஒலி சார்ந்த விகுதியால் இறந்தகாலம் பெறும் மெல்வினை. ஜெர்மன் மொழியில் ஒட்டுதலைக் குறிக்கும் 'கிளேபன்' இதன் இனச்சொல். களிமண்ணைக் குறிக்கும் 'கிளே' என்னும் ஆங்கிலச் சொல்லும், இலத்தீன் வழியாக வந்த, பசையைக் குறிக்கும் 'குளூ' என்னும் சொல்லும் இதே மூல வேரின் கிளைகள். பசைத்தன்மை இவ்வேரின் அடிப்படைப் பொருள்.

2.3 ஜெர்மன் மொழியில் இவ்விரு வினைகளும் இன்றும் வடிவால் வேறுபட்டே நிற்கின்றன. ஆகவே முரண் என்பது பொருளின் இயல்பில் தோன்றியதன்று. ஆங்கிலத்தின் ஒலிவரலாற்றில் தோன்றியது.

3. வடிவக் கலப்பு

இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் மாற்றமுற்று ஈற்று விகுதிகள் தேய்ந்தபோது, இரு வினைகளின் நிகழ்கால வடிவங்களும் ஒன்றாயின. இறந்தகால வடிவங்கள் சிலகாலம் வேறுபாட்டைக் காத்தன. பின்னர் அவையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்தன. வல்வினைக்குரிய 'கிளேவ்' என்னும் இறந்தகால வடிவம் ஒட்டுதற்பொருளுக்கும் வந்தது. மெல்வினைக்குரிய 'கிளீவ்ட்' என்னும் வடிவம் பிளத்தற்பொருளுக்கும் வந்தது.

ஆயினும் கலப்பு முழுமையடையவில்லை. 'கிளோவ்', 'கிளெஃப்ட்', 'கிளோவன்' ஆகியவை பிளத்தற்பொருளுக்கே உரியனவாக நின்றுவிட்டன. இவற்றுள்ளும் வழக்கு வரையறை உண்டு. பிளவுபட்ட குளம்பைக் குறிக்கையில் 'கிளோவன்' வரும்; பிளவுபட்ட அண்ணத்தைக் குறிக்கையில் 'கிளெஃப்ட்' வரும்; ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் மரபன்று.

பூண்டுப் பல்லைக் குறிக்கும் 'கிளோவ்' என்னும் பெயர்ச்சொல்லும் பிளத்தல் வினையோடு உறவுடையது. முழுப் பூண்டிலிருந்து பிளந்து வரும் பகுதி என்பது அதன் கருத்து. கிராம்பைக் குறிக்கும் 'கிளோவ்' அதனோடு உறவற்றது. அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, கிராம்பின் ஆணி போன்ற தோற்றம் பற்றி வந்தது. சமையற்குறிப்பை மொழிபெயர்ப்பவர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

4. விவிலிய மொழிபெயர்ப்புத் தரும் சான்று

1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இக்கலப்பைத் தெளிவாகக் காணலாம். ரூத் தன் மாமியைப் பிரிய மறுத்து அவளைப் பற்றிக்கொண்டதைக் கூறும் இடத்தில் 'கிளேவ்' வருகிறது. ஆபிரகாம் பலிக்குரிய விறகைப் பிளந்ததைக் கூறும் இடத்திலும், இறைவன் பாலைநிலத்தில் பாறையைப் பிளந்ததைக் கூறும் சங்கீதத்திலும் அதே 'கிளேவ்' வருகிறது. ஒரே நூலில், ஒரே இறந்தகால வடிவம், இரு நேர்மாறான செயல்களுக்கு நிற்கிறது.

மூலமாகிய எபிரேயத்தில் இம்மயக்கம் இல்லை. பற்றுதலுக்குத் 'தாபக்' என்னும் வினையும் பிளத்தலுக்குப் 'பாக்கா' என்னும் வினையும் அங்கே வருகின்றன. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த தமிழ் விவிலியமும் மூலமொழிகளை நோக்கியே அமைந்தது. எனவே ஆங்கிலத்தின் மயக்கம் அதனுள் நுழையவில்லை. ஆங்கிலத்தில் 'கிளீவ்' அல்லது அதன் திரிபு வரும் இடங்களில் தமிழில் அமைந்துள்ள வினைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

அ) கணவன் மனைவியோடு ஒன்றுதல் - இசைதல்
ஆ) ரூத் மாமியை விடாதிருத்தல் - பற்றிக்கொள்ளுதல்
இ) நா மேல்வாயில் ஒட்டுதல் - ஒட்டிக்கொள்ளுதல்
ஈ) மரம், பாறை முதலியன - பிளத்தல்
உ) விலங்கின் குளம்பு - விரிதல்
ஊ) தீ நாவுகள் - பிரிதல்

ஆங்கிலத்தில் ஒரு வடிவமாகத் தோன்றுவது தமிழில் ஆறு வினைகளாக விரிகிறது. முதல் மூன்றற்கும் எபிரேயத்தில் உள்ளது ஒரே வினையே என்பதும் கருதத்தக்கது. உறவு, பற்று, பசை என்னும் வேறுபாட்டை அச்சொல் காட்டவில்லை. தமிழ் வழக்குக் காட்டுகிறது. ஆகவே 'கிளீவ்' இரண்டு சொற்கள் என்று அறிவது மொழிபெயர்ப்பின் தொடக்கம் மட்டுமே. எப்பொருளின்மேல், எவ்வகையில் அச்செயல் நிகழ்கிறது என்பதே தமிழ்ச் சொல்லை முடிவு செய்கிறது.

5. தமிழில் இணையான நிலை: 'ஈர்'

5.1 இத்தகைய வடிவ ஒற்றுமை தமிழிலும் உண்டு. 'ஈர்' என்னும் வினையடி அறுத்தல், பிளத்தல் என்னும் பொருளைத் தரும். மரம் அறுக்கும் கருவி 'ஈர்வாள்' எனப்படுவது இதனால். அதே வடிவம் இழுத்தல், தன்பால் கவர்தல் என்னும் பொருளையும் தரும். 'ஈர்ப்பு விசை', 'புவியீர்ப்பு' ஆகிய கலைச்சொற்கள் இதன் வழி அமைந்தவை. ஈர்வாள் ஒன்றை இரண்டாக்குகிறது. ஈர்ப்பு விசை இரண்டை நெருங்கச் செய்கிறது.

5.2 ஏவல் வடிவில் ஒன்றாகத் தோன்றும் இவ்விரு வினைகளும் திரிபில் வேறுபடுகின்றன. முன்னது ஈர்கிறான், ஈர்ந்தான், ஈர்வான், ஈர எனத் திரியும். பின்னது ஈர்க்கிறான், ஈர்த்தான், ஈர்ப்பான், ஈர்க்க எனத் திரியும். 'ஈர்தல்', 'ஈர்த்தல்' என்னும் தொழிற்பெயர்களே இவ்வேறுபாட்டைப் புலப்படுத்திவிடும். தலைச்சொல்லோடு 'தல்', 'த்தல்' ஈறுகளைச் சேர்த்து வினைகளைப் பதிவு செய்யும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை இவ்வகையில் பயன்மிக்கது.

5.3 இவ்வேறுபாட்டைப் பிரிந்தான், பிரித்தான் என்பன போன்ற தன்வினை, பிறவினை வேறுபாடாகக் கருதுதல் கூடாது. மரத்தை ஈர்ந்தான், மனத்தை ஈர்த்தான் என இரண்டும் செயப்படுபொருளை ஏற்கும். எனவே திரிபு இங்கே வினையின் வகையைக் காட்டவில்லை. சொல்லையே வேறாக்கிக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் வல்வினை, மெல்வினை என்னும் பாகுபாடு செய்த பணியும் இதுவே. ஆங்கிலம் இழந்ததைத் தமிழ் காத்துள்ளது.

5.4 தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், பல பொருள் ஒரு சொல்லை வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இரண்டாகப் பகுக்கிறது. 'மா' என்னும் பெயரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். மா பூத்தது என்றால் மரம் என்பது தெளிவு. மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ என்பது தெளியாது. அவ்விதி வினை கொண்டு பெயரைத் தெளிவது. 'கிளீவ்' போன்ற சொற்களில் பெயர் கொண்டு வினையைத் தெளிய வேண்டியுள்ளது. திசை மாறினும் நெறி ஒன்றே: தனிச்சொல்லில் தெளியாதது தொடரில் தெளியும்.

6. சந்தாபுராவில் ஒரு கன்னட வினை

திரிபும் உதவாத நிலை ஒன்று உண்டு. அதற்குக் கன்னடத்திலிருந்து சான்று காட்டலாம். பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது சந்தாபுரா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இப்பகுதியில் கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மூன்றும் அன்றாடம் புழங்குகின்றன. இங்கே குடியேறும் தமிழர் கன்னடத்தில் விரைவில் கேட்டறியும் சொற்களுள் ஒன்று 'ஹெச்சு'. கடைத்தெருவில் அது 'அதிகம்', 'விலை கூடு' என்னும் பொருளில் வரும். அடுக்களையில் அது 'காய்கறி நறுக்கு' என்னும் பொருளில் வரும்.

மிகுதிப் பொருள் தரும் 'ஹெச்சு' பழங்கன்னடத்தில் 'பெர்ச்சு' என வழங்கியது. மொழி முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியமையால் இவ்வடிவம் பெற்றது. தமிழின் 'பெரு', 'பெருகு' ஆகியவற்றோடு இது உறவுடையது. பெருகுதலும் சிறு துண்டாக்குதலும் ஒரு வடிவில் வந்து நிற்பது, ஆங்கிலத்தில் பிளத்தலும் ஒட்டுதலும் ஒரு வடிவில் நிற்பதை ஒத்தது.

'பெலெ ஹெச்சிது' என்றால் விலை உயர்ந்தது; 'தரகாரி ஹெச்சிதளு' என்றால் காய்கறி நறுக்கினாள். இறந்தகால அமைப்பு இரண்டிலும் ஒன்றே. செயப்படுபொருளை ஏற்காமை முன்னதைக் காட்டுகிறது. ஏற்றல் பின்னதைக் காட்டுகிறது. ஆக, தமிழில் வினைத்திரிபு செய்யும் பணியைக் கன்னடத்தில் தொடரமைப்புச் செய்கிறது. இக்கால ஆங்கிலமும் இந்நிலையிலேயே உள்ளது.

7. மொழிபெயர்ப்பாளர்க்குரிய நெறிகள்

7.1 'கிளீவ்' முன்னிடைச்சொல் இன்றி நேரே செயப்படுபொருளை ஏற்பின் அது பிளத்தல். 'டு' அல்லது பழைய வழக்காகிய 'அன்டு' என்னும் முன்னிடைச்சொல்லைப் பெறின் அது பற்றுதல் அல்லது ஒட்டுதல். மூதாதையர் நிலத்தை விடாது பற்றி வாழ்ந்த மக்களைப் பற்றிய ஆங்கிலத் தொடரில் இச்சிறு சொல்லைக் கவனியாது விட்டால், அம்மக்கள் நிலத்தைப் பிளந்தனர் என்று தமிழில் எழுத நேரும். அத்தொடர் இலக்கணப் பிழையின்றி அமையும். அதனாலேயே பிழை படிப்பவர்க்குப் புலப்படாது. பற்று வன்முறையாக மாறியிருக்கும்.

7.2 'கிளீவர்', 'கிளெஃப்ட்', 'கிளோவன்', 'கிளீவேஜ்' ஆகியவை பிளத்தற்பொருளே உடையன. இவற்றுள் 'கிளீவேஜ்' துறைதோறும் வேறு சொல்லை வேண்டும். கனிமவியலில் படிகம் தன் அமைப்புக்கேற்ற தளங்களில் பிரிவதைக் குறிப்பதால் அங்கே 'பிளவு' பொருந்தும். கருவியலில் கருவுற்ற முட்டை பல உயிரணுக்களாகப் பிரிவதைக் குறிப்பதால் 'பிளவிப் பெருகல்' என்பது பாடநூல் வழக்கு. முட்டை பிளந்து அழிவதில்லை, பிளந்து பெருகுகிறது என்னும் கருத்து இத்தொடரில் தெளிவாகிறது.

7.3 பிளத்தற்பொருள் உறுதியான பின்னரும் தமிழ்ச்சொல் செயப்படுபொருளைச் சார்ந்தே அமையும். விறகையும் பாறையையும் பிளத்தல், மாங்காயைக் கீறுதல், துணியைக் கிழித்தல், கூந்தலை வகிர்தல் என்பன தமிழ் மரபு. கப்பல் அலைகளைக் 'கிளீவ்' செய்து சென்றது என ஆங்கிலத்தில் வருமிடத்துத் தமிழில் 'கிழித்துக்கொண்டு' என்பதே இயல்பு. எங்கும் 'பிள' என்பதையே பெய்தல் பொருட்பிழை ஆகாவிடினும் மரபுப்பிழை ஆகும்.

8. அகராதியமைப்பும் முடிபும்

ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றில் 'கிளீவ்' ஒரே தலைச்சொல்லின்கீழ், 'பிள, பிரி, ஒட்டு, பற்று' என அடுக்கப்பட்டால், பயன்படுத்துவோர் நான்கையும் ஒரே சொல்லின் பொருள்நிழல்களாகக் கொள்வர். கணினி மொழிபெயர்ப்புக்குரிய சொற்றரவிலும் இவ்வடுக்கே இடம்பெற்றால் பிழை பன்மடங்காகும். இரண்டையும் எண்ணிட்டு வெவ்வேறு தலைச்சொற்களாகத் தருதலும், முன்னதற்குச் செயப்படுபொருளையும் பின்னதற்கு முன்னிடைச்சொல்லையும் குறித்தலும் வேண்டும். 'ஈர்தல்', 'ஈர்த்தல்' என வேறு பிரித்துப் பதிவு செய்யும் மரபு தமிழ் அகராதிக் கலைக்குப் புதியதன்று.

வடிவம் ஒன்றாயின் சொல்லும் ஒன்று எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பதை ஆங்கிலத்தின் 'கிளீவ்', தமிழின் 'ஈர்', கன்னடத்தின் 'ஹெச்சு' ஆகிய மூன்றும் காட்டுகின்றன. வரலாறு ஒன்றாக்கிய சொற்களைத் தொடரமைப்பு வேறாக்கிக் காட்டுகிறது. அவ்வேறுபாட்டை அறிந்து காத்தல் அகராதியாசிரியர், மொழிபெயர்ப்பாளர் ஆகிய இருசாரார்க்கும் உரிய கடன்.