கொலர் அழுக்கும் அதனை நீக்கும் முறையும்

சட்டையொன்று பழையதாகி விட்டது என்பதை முதலில் அறிவிப்பது அதன் கொலரே. முதுகுப் பக்கமும் மார்புப் பக்கமும் இன்னும் ஈராண்டு உழைக்கக்கூடிய நிலையில் இருக்கும். பொத்தான்கள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கழுத்தைச் சுற்றிய மடிப்பிலே பழுப்பு நிறக் கோடொன்று படிந்திருக்கும். அதனைத் தேய்த்துத் தேய்த்து மடிப்பின் விளிம்பும் நூல்நூலாகப் பிரிந்திருக்கும். கைமுனைகளின் கதியும் இதுவே. வெண்சீருடை அணியும் பாடசாலைப் பிள்ளைகளும், வெள்ளைச் சட்டையுடன் கந்தோருக்குச் செல்வோரும் உள்ள இல்லங்களில் இச்சிறு கோடு பெரியதொரு வேலையாகி விடுகிறது. இத்தகைய சட்டையை அழிப்பது அழுக்கா, அல்லது அழுக்கை நீக்கக் கையாளும் முறையா என்பது ஆராயத்தக்கது.

இத்தொல்லை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் துரோய் என்னும் நகரம் உண்டு. 1820களில் அங்கு வாழ்ந்த ஹனா மொன்ரேகு என்னும் இல்லத்தரசி, கொலர் மட்டும் அழுக்கானமைக்காகச் சட்டை முழுவதையும் துவைக்க நேர்வதில் சலிப்புற்று, கொலரை வெட்டியெடுத்துத் தனியே துவைத்து மீண்டும் பொருத்தினார் என்பர். கழற்றி மாட்டும் கொலர் அவ்வாறு பிறந்தது. அதனைச் செய்வதே அந்நகரின் பெருந்தொழிலாயிற்று. கொலர்களைச் சலவை செய்து கஞ்சியிட்டு அழுத்தும் வேலை பெண்களிடம் வந்து சேர்ந்தது. கொதிநீரும் காரமான இரசாயனப் பொருள்களும் காய்ந்த இரும்பும் அவர்களது கைகளை வாட்டின. 1864ஆம் ஆண்டில் கேற் முல்லானி என்னும் இளம்பெண்ணின் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வும் பெற்றனர். வெள்ளைக் கொலருக்குப் பின்னால் எப்பொழுதும் ஒருவருடைய கை இருக்கிறது என்பதை இவ்வரலாறு உணர்த்தும். ஆகவே, துணியை மட்டுமன்றி அக்கையையும் காக்கும் முறையே நல்ல முறையாகும்.

முதலில் அழுக்கின் இயல்பை அறிதல் வேண்டும். கொலரிற் காணப்படும் கறை வெறும் தெருப் புழுதியன்று. மனிதரின் தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள் இடையறாது ஒருவகை எண்ணெயைச் சுரக்கின்றன. அதனுடன் வியர்வையின் உப்பும், உதிர்ந்த தோலின் நுண்ணிய புரதத் துகள்களும், தலையிற் பூசிய எண்ணெயும், கழுத்திலிட்ட பவுடரும் சேர்கின்றன. புழுதி இவற்றில் ஒட்டிக்கொள்ள, கழுத்தின் உராய்வு இக்கலவை முழுவதையும் இழைகளுக்குள் அழுத்தி விடுகிறது. நாட்கள் செல்ல, அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மஞ்சளாகித் தடித்துப் போகிறது. பொலியெஸ்ரர் கலந்த துணி எண்ணெயை விரும்பிப் பற்றும் இயல்புடையது. ஆதலின் தனிப்பருத்தியைக் காட்டிலும் அது கறையைக் கடினமாகப் பிடித்து வைக்கிறது.

எண்ணெய் தண்ணீரிற் கரையாது. சட்டையை வாளி நீரில் ஊறவைப்பதால் மட்டும் கொலர் தூய்மை அடையாமைக்கு இதுவே காரணம். வன்மையான தூரிகையால் தேய்த்தாலோ மேற்பரப்பின் நூல் அறுமேயன்றி, உள்ளே புகுந்த எண்ணெய் வெளிவராது. கொதிநீரை எடுத்த எடுப்பிலே ஊற்றினால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். நீலமிடுவதோ மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றி அழுக்கை அகற்றாது.

சரியான முறை எளியது. சட்டை நனையுமுன், உலர்ந்த நிலையிலேயே கொலரை விரித்து, கறையின் மேல் திரவச் சலவைப் பொருளையேனும் பாத்திரம் கழுவும் திரவத்தையேனும் சிறிது பூசுதல் வேண்டும். விரல்களால் மெல்லத் தடவி, கால் மணி முதல் அரை மணி நேரம் விட்டுவிட்டால், அது எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரித்து நீரோடு செல்லத்தக்கதாக்கும். தேய்க்க வேண்டியிருப்பின் பழைய பற்தூரிகையே போதும். பின்னர் கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் துவைக்கலாம்.

புரதக் கறைக்கு நொதியம் கலந்த சலவைத்தூள் பயன்படும். ஜெர்மானிய இரசாயனர் ஒட்டோ றோம், விலங்கின் கணையத்திலிருந்து பெற்ற நொதியத்தைச் சலவைக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1913ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். உணவைச் செரிக்கச் செய்யும் பொருள் துணிக்கறையையும் சிதைக்கும் என்பதே அதன் தத்துவம். அத்தூளை வெதுநீரிற் குழைத்துப் பூசி அரை மணி நேரம் வைக்கலாம். பட்டும் கம்பளியும் தாமே புரதத்தாலானவை. ஆதலின் அவற்றுக்கு இது ஆகாது.

நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லிடையே அமைந்தவை; அவற்றின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத வெண்படிவாகிறது. அப்படிவு துணியிலே தங்கி வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். ஒரு வாளி நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்தால் நீரின் வன்மை தணியும். சோடா தோலை அரிக்கும். ஆதலின் கையுறை அணிதல் நன்று. அலுமினியப் பாத்திரத்தையும் தவிர்த்தல் வேண்டும். மலைநாட்டின் ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர். அங்கு சவர்க்காரம் எளிதில் நுரைக்கும், சோடாவும் வேண்டியிராது.

துவைத்த பின் ஈரமாக இருக்கும்பொழுதே கொலரை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். கறை எஞ்சியிருப்பின் மீண்டும் அதே முறையைச் செய்க. கறையுடன் காயவைத்து அழுத்திவிட்டால், வெப்பம் அதனை மேலும் ஆழப் பதித்துவிடும். நெடுநாட் பட்ட மஞ்சள் கறைக்கு, சோடியம் பேர்காபனேற்று அடங்கிய ஒட்சிசன் வெளிற்றியை வெதுநீரிற் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைக்கலாம். நிறத் துணியாயின் உள்மடிப்பில் சோதித்துப் பார்ப்பது முறை.

குளோரீன் வெளிற்றி வியர்வைக் கறையைச் சில வேளைகளில் இன்னும் மஞ்சளாக்கும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. குளோரீன் வெளிற்றியுடன் எலுமிச்சஞ்சாறு, வினாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலத் திரவம் ஆகியவற்றில் எதனையும் சேர்த்தலாகாது. சேர்த்தால் நச்சுத் தன்மையுள்ள குளோரீன் வாயு எழும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அமோனியா கலந்த பொருள்களும் அவ்வாறே நச்சுவாயுவை உண்டாக்கும். ஒரு கொலரின் வெண்மைக்காக எவரும் மூச்சைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

வருமுன் காத்தலே எளிது. தலைக்கு எண்ணெய் வைத்தபின் பிடரியைத் துடைத்துக்கொள்வதும், அணிந்த சட்டையைக் கூடையிற் குவித்து வைக்காது விரைவிற் துவைப்பதும் பாதி வேலையைக் குறைக்கும். விளிம்பு நைந்தபோதும் சட்டையைக் கழிக்க வேண்டியதில்லை. கொலரைப் பிரித்தெடுத்து, உட்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தால், அது மேலும் சில காலம் உழைக்கும். சிக்கனம் உள்ள குடும்பங்கள் நெடுங்காலம் கையாண்ட வழி இது.

அழுக்கோடு பலத்தால் மோதுவதிலும் அதன் இயல்பறிந்து கரைப்பதே பயன் தரும். பூசியபின் பொறுத்திருக்கும் அரை மணி நேரம், தேய்க்கும் கையின் நோவை மிச்சப்படுத்தும். சட்டையின் ஆயுளையும் நீட்டும்.