முன்னறையில் ஒரு வடிவமைப்பகம்

கடையில் தொங்கும் உடுப்பை விட்டுவிட்டு, அடுத்த தெருவில் வீட்டு முன்னறையில் தைக்கும் தாத்தாவைத் தேடிப் போகிறோமே, ஏன்? திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் புடவைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. விலையும் பல நேரம் அங்கேதான் குறைவு. ஆனாலும் அபாயாவின் கைக்கு மணி வேலையா, நூல் வேலையா என்று உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பது அந்த முன்னறையில்தான். உம்மா துணி வெட்டுவார். மகள் தாளில் பூ வரைவார். மருமகள் மணி கோர்ப்பார். வாசலில் பெயர்ப்பலகை இராது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, அளவு கொடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை என்று ‘பாதை’யில் ஏறி நகருக்கு வந்துபோனவர்களும் உண்டு.

இப்படிச் சிறிதாகத் தொடங்கியவற்றில் சில நாடறிந்த பெயர்களாகியிருக்கின்றன. கன்னியர் மடமொன்றில் பெண்பிள்ளைகள் நெய்யும் துணிக்கு நிறமும் வடிவமும் அமைத்துத் தரக் கேட்கப்பட்டவர் பார்பரா சன்சோனி. அதிலிருந்து வளர்ந்ததுதான் கொழும்பின் ‘பெயார்ஃபுட்’. 2022இல் அவர் காலமானார். எனா டி சில்வா 1960களில் தம் மகனுடனும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவுடனும் சேர்ந்து பத்திக் துணியில் இறங்கினார். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையை அலங்கரித்தது அவர்களுடைய பத்திக்தான். பின்னர் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களோடு அவர் வேலை செய்தார்.

ஆனால் இவர்கள் வசதியும் அறிமுகமும் உள்ளவர்கள். நமக்கு நெருங்கிய உதாரணம் நமது மாகாணத்திலேயே, கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனையில் இருக்கிறது. அங்கே கைத்தறி குடும்பத் தொழில். சாரனின் கோடு எந்த நிறம், எத்தனை இழை என்பது பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும். ஊடை குறுக்கே போகும்போது கட்டம் விழும். ஆகவே வடிவம் யோசிப்பவரும் நெய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய வசதி. பத்துச் சாரனுக்காக ஆலை தன் பாவை மாற்றாது. வீட்டுத்தறி மாற்றும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அவ்வூரில் தறியை இழந்த குடும்பங்கள் பல.

சிறிய இடம் என்பதற்காக எல்லாம் நல்லதென்று நான் சொல்லமாட்டேன். தைப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பெருநாள் உடுப்பு பெருநாளுக்குப் பிறகுதான் வரும். ஆனால் அதைவிடப் பெரிய குறை கூலிக் கணக்கில் இருக்கிறது. மூன்று மாலை வரைந்து, அழித்து, துண்டுத்துணியில் தைத்துப் பார்க்கிறார்கள். பிறகு இரண்டு நாள் தைக்கிறார்கள். வாங்குவதோ அந்த இரண்டு நாட்கூலியை மட்டும். வரைந்த நேரம் ‘சும்மா இருந்த நேரம்’ ஆகிவிடுகிறது. அதிலும், “நம்மட புள்ளதானே, குறைச்சிப் போடுங்க” என்று வரும் மாமிமாரிடம் வாய் திறக்க முடியாது! கடைக்காரரிடம் அப்படிக் கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

முன்னறையில் தொழில் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு வடிவத்துக்கும் சென்ற மணிநேரத்தைக் குறித்து வாருங்கள். முற்பணம் வாங்கும்போது துணி, நூல், தையற்கூலி என்பவற்றோடு ‘வரைந்த கூலி’ என்று தனி வரி எழுதுங்கள். குறைக்கச் சொல்கிறவர் எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறார் என்பதை அவரே விரல் வைத்துக் காட்டட்டும்.