தண்ணீர் தெளித்துத் தீட்டுங்கள்!

தக்காளி நறுக்க உட்காருகிறீர்கள். கத்தி தோலை வெட்டாமல் பழத்தை நசுக்குகிறது. கொஞ்சம் அழுத்துகிறீர்கள். அவ்வளவுதான்! கத்தி வழுக்கி, தக்காளியை விட்டுவிட்டு உங்கள் விரலைப் பதம் பார்த்துவிடுகிறது. "பாழாய்ப் போன கத்தி!" என்று அதைத் திட்டித் தீர்க்கிறோம்.

கத்தியின் மேல் என்ன தப்பு? கூரான கத்திதான் அபாயம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் மழுங்கிய கத்தியிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். கூர் இருந்தால் மெல்ல இழுத்தாலே போதும். கூர் இல்லாவிட்டால் பலத்தைப் பிரயோகிக்க வேண்டும். அந்தப் பலம் எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது?

ஆகவே, நகைப் பெட்டியில் வைக்கும் கற்களை மறந்துவிட்டு, சமையலறையில் வைக்க வேண்டிய ஒரு கல்லைப் பற்றி இன்று பேசலாம்.

எஃகைக் கல் எப்படித் தேய்க்கிறது? சில கற்களுக்குள் கத்தியின் எஃகைவிடக் கடினமான நுண்மணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி உளி. மணி பெரிதானால் வேகமாகத் தேய்க்கும். ஆனால் கீறல் விழும். மணி சிறிதானால் மெதுவாகத் தேய்க்கும். ஆனால் கூர் வழவழப்பாக வரும். நம் பாட்டிமார் அம்மியின் விளிம்பில் கத்தியைத் தீட்டினார்களே, அதன் ரகசியமும் இதுதான். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கடினமான படிகம் கலந்திருக்கிறது.

உலகத்தில் பேர்பெற்ற தீட்டுக்கற்கள் சில உண்டு. பெல்ஜியம் நாட்டில் ஆர்டென் மலைப் பகுதியில், சால்ம் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி, வெளிர் மஞ்சளாக ஒரு கல் கிடைக்கிறது. 'கோட்டிக்யூல்' என்று பெயர். அதற்குள் இருப்பது என்ன தெரியுமா? கார்னெட் மணிகள்! நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இந்த மணிகளை மோதிரத்தில் பதிக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். சவரக் கத்தி தீட்டுவதற்கு இந்தக் கல்லை நாவிதர்கள் விரும்பி வாங்கினார்கள்.

அமெரிக்காவில் ஆர்கன்ஸா மாநிலத்து மலைகளில் கிடைக்கும் 'நொவாகுலைட்' அநேகமாக முழுக்க முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ். லத்தீன் மொழியில் சவரக் கத்திக்குள்ள பெயரிலிருந்து வந்த பெயர் இது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதே கல்லை வெட்டி அம்பு முனைகளும் ஈட்டி முனைகளும் செய்தார்கள். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளின் கற்களுக்குத் தச்சர்களிடையே தனி மதிப்பு.

1891-ல் எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் மின்சார உலையில் 'கார்பொரண்டம்' என்ற செயற்கைப் பொருளைத் தயாரித்தார். அது முதல் இயற்கைக் கற்களின் மவுசு குறைந்தது. இன்று ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறு பக்கம் மழமழப்பாகவும் விற்கும் சாம்பல் நிறக் கல், பெரும்பாலும் செயற்கைக் கல்தான். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளமாகப் போதும்.

கல் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். தேய்ந்த எஃகுத் தூள் கல்லின் துவாரங்களை அடைத்துவிடாமல் தண்ணீர் அடித்துச் செல்லும். தூள் பறக்காமலும் அடக்கும்.

தூள் பறந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் ஷெபீல்டு என்ற நகரம் கத்திகளுக்குப் புகழ் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரிய மணற்கல் சக்கரங்கள் சுழலும். தொழிலாளிகள் குனிந்தபடி தீட்டுவார்கள். சாப்பாட்டு மேஜைக் கத்திகளை ஈரச் சக்கரத்தில் தீட்டினார்கள். முட்கரண்டிகளை உலர்ந்த சக்கரத்தில் தீட்டினார்கள். மணற்கல்லில் இருப்பதும் குவார்ட்ஸ்தான். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, தழும்பேற்றி, மூச்சையே முடக்கிவிடும். உலர்ந்த சக்கரத்தில் வேலை செய்தவர்கள் 35 வயதை எட்டுவதே அரிது, ஈரச் சக்கரத்துக்காரர்கள் 45-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று அவ்வூர் டாக்டர் நைட் எழுதினார். தண்ணீர் அவர்களை முழுக்கக் காப்பாற்றவில்லை. ஆனாலும் பத்து வருஷ ஆயுளைக் கூட்டிக் கொடுத்தது!

தூளை இழுத்து வெளியேற்றும் விசிறியும் அப்போதே வந்திருந்தது. சில தொழிலாளிகளே அதை வேண்டாம் என்றார்களாம். ஆயுள் கூடினால் தொழிலுக்கு ஆட்களும் கூடுவார்கள், கூலி குறைந்துவிடும் என்று பயம்! வறுமை என்னவெல்லாம் நினைக்க வைக்கிறது, பாருங்கள்.

வீட்டில் எப்போதாவது கையால் தீட்டும் உங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால், "கத்தி சாணை பிடிக்கலையா?" என்ற குரல் அடுத்த முறை தெருவில் கேட்கும்போது, ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச உங்களுக்கு மனம் வராது.

இனி, தீட்டும் முறை. ஈரத்துணியை மடித்து மேடைமேல் போட்டு, அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. கல்லை நன்றாக நனையுங்கள். சொரசொரப்பான பக்கம் முதலில். கத்தியின் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் இடைவெளி விட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள். சாய்வு மாறாமல், அழுத்தாமல் தேய்த்து வாருங்கள். சிறிது நேரத்தில், தேய்க்காத பக்கத்து ஓரத்தில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். உடனே கத்தியைத் திருப்பி மறு பக்கம் தேய்க்க வேண்டும். கடைசியில் மழமழப்பான பக்கத்தில் மெல்லத் தேய்த்தால் பிசிறு போய்விடும். அவ்வப்போது தண்ணீர் தெளிக்க மறக்காதீர்கள். அவசரத்துக்குக் கல் அகப்படவில்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகேறாத அடி வளையத்தில் தேய்க்கலாம்.

கத்தியைக் கழுவித் துடைத்து, குழந்தைகளுக்கு எட்டாத இடம் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். அதற்கு முன்னால், அந்தப் பாதி நசுங்கிய தக்காளியை மறுபடி எடுங்கள். அழுத்தாமல் கத்தியை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரலும் பிழைத்தது, ரசமும் பிழைத்தது!