கருப்பட்டிக்கும் ஊர்ப்பெயர் உண்டு

பிரான்ஸ் தேசத்துப் பொஜொலே பிரதேசத்தில் காமே என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்தே சிவப்பு மது வடிக்கின்றனர். ஆயினும் மோர்கோன் கிராமத்தது உறுதியானது, ஆண்டுக்கணக்கில் வைக்கத் தக்கது என்றும், ஃப்ளூரி கிராமத்தது மென்மையும் மலர்மணமும் உடையது என்றும் ரசிகர்கள் வாதிடுவர். அவ்விரு பெயர்களுக்கும் 1936-இல் சட்டக் காப்புக் கிடைத்தது. மதுவில் நமக்கு நாட்டமில்லை, அவ்வாதத்தில் உண்டு.

புதியம்புத்தூர்ப் பக்கத்தில் அதற்கு நிகரான பேச்சு கருப்பட்டியைப் பற்றியதே. மரம் ஒன்றுதான், பனை. ஆனால் உடன்குடித் தேரியின் செம்மணல் சரக்கு என்றால் தனி மதிப்பு. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மண்ணோடு கைப்பக்குவமும் சேர வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும்; மிகுந்தால் சுவை கெடும். பாகு முறுகினால் கசக்கும், இளகினால் சிரட்டையில் இறுகாது. காப்பிக்குச் சாதாக் கருப்பட்டி போதும். சளிக்குச் சுக்குக் கருப்பட்டி. பனங்கற்கண்டோ பாகைப் பல நாள் அசையாமல் வைத்து விளைவிப்பது. அதன் விலையைக் குறைகூறுவோர் அந்தப் பொறுமையைக் கணக்கிடுவதில்லை.

சீனி கலந்த சரக்கும் கருப்பட்டி என்றே விற்கப்படுகின்றது. அன்றாடம் காலையும் மாலையும் பனையேறுபவரின் உழைப்புக்கு அதன் மலிவு விலையே அளவுகோலாகி விடுகின்றது. ஆகவே அங்கத்தினர்கள் கடையில் ஊர், பருவம், வகை மூன்றையும் கேட்டு வாங்குவார்களாக. சங்கங்களும் ஒவ்வொரு சிப்பத்தின்மீதும் இம்மூன்றையும் எழுதி அனுப்பலாம். செலவு ஒரு சீட்டுத்தான்.