மனசிலுள்ளதை யாரிடம் சொல்வது?

காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி, பிரசவத்துக்கு மருத்துவ மாது. இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி நித்திரையே இல்லை, நெஞ்சு படபடன்னு அடிக்குது, மலைக்குப் போகக் கால் எழும்பல என்றால் யாரிடம் போவது? "உளவளத்துணையாளரைப் பாருங்க" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். நமக்குப் பொருத்தமானவரை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதை விளக்குவதற்கு மட்டக்களப்பு வரை ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. யுத்தத்தையும் சுனாமியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கிய மண் அது. மனக்காயம் பற்றி அந்த வாவிக்கரை மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய.

1990ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே பிள்ளைகளையும் கணவன்மாரையும் காணாமல் தேடிய பெண்கள் பலர், அம்மன் கோவில்களில் வாக்குக் கேட்கப் போனார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. வெளியே வாய் திறக்கப் பயந்த காலம் அது. தன் பாஷையிலே, தான் நம்புகிற ஒருவர் முன்னாலே, வாய்விட்டு அழ அங்கே இடமிருந்தது.

பிள்ளைகளுக்கு வேறு வழி கிடைத்தது. 1996இல் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று யாரும் நெருக்கவில்லை. கூட இருந்தவர்கள் அந்தப் பகுதி இளைஞர், யுவதிகள். சின்னப் பிள்ளைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பவரைவிட, கூட உட்கார்ந்து விளையாடுகிறவர்தான் பொருத்தம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து கல்லடி, நாவலடிக் கரைகள் அழிந்த பிறகு நடந்தது நேர்மாறு. எங்கெங்கோ இருந்து உளவளத்துணை செய்ய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பலருக்குத் தமிழ் தெரியாது. முகாமில் இருந்தவர்கள் அதே துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டவர்களில் பலர் கொஞ்ச நாளில் போய்விட்டார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல மனம் மட்டும் போதாது. அனர்த்த கால மனநல உதவி பற்றி உலக நிறுவனங்கள் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டலும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை அங்கிருந்த பலர் ஓடத்தில் ஏறித்தான் நகரத்துப் பக்கம் வர வேண்டும். நம் மேல் கணக்கிலிருந்து டவுனுக்கு வருகிற கஷ்டம் மாதிரித்தான். 2000களில் அங்கே பணியாற்றிய மனநல வைத்தியர் மகேசன் கணேசன் போன்றவர்கள், பெரிய ஆஸ்பத்திரியோடு நிற்காமல் வெளியூர்களிலும் கிளினிக் வைத்தார்கள். வந்துபோக முடியாத தூரத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் நமக்கு என்ன பயன்?

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது பாஷை. தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறாரா என்று பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் கூச்சப்படாமல் கேளுங்கள். மொழிபெயர்க்கத்தான் வேண்டுமென்றால் வளர்ந்த ஒருவரைப் பிடியுங்கள், பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். அப்பா குடிச்சிட்டு அம்மாவை அடிக்கிறதை பத்து வயது மகள் எப்படிச் சிங்களத்தில் சொல்லுவாள்? தமிழிலும் சொல்லக்கூடிய விஷயமா அது?

அடுத்தது ரகசியம். பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்காத பேச்சு லயத்தில் ஏது! அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்றதை துரைக்கோ கங்காணிக்கோ சொல்லுவீங்களா? எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுவீங்களா?" உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்பம் என்றால் மட்டும் வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டிவரும் என்று நேர்மையானவர் முன்கூட்டியே விளக்குவார். எங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடமும் இதைக் கேளுங்கள். தோட்டத்திலேயே வேலை செய்கிறவரிடம் பேச மனம் வராவிட்டால் அதில் தப்பில்லை, வெளியே ஒருவரைப் பாருங்கள்.

என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்றும் கேட்கலாம். பெண்கள், பெண்ணொருவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். முதல் நாளே பாரம் இறங்கிவிடாது. ஆனால் நீங்கள் பேசும்போது அவர் கேட்கிறாரா, "எல்லாம் தலைவிதி" என்று வாயை அடைக்கிறாரா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒட்டுதல் இருந்தால்தான் பலன் கூடும் என்று ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. ஒட்டவில்லை என்றால் "எனக்கு வேறொருவரைக் காட்டிவிடுங்க" என்று சொல்லுங்கள். உண்மையான உளவளத்துணையாளர் கோபிக்க மாட்டார். தனியாக வீட்டுக்கு வரச் சொல்கிறவர், தொட்டுப் பேசுகிறவர், கடன் கேட்கிறவர், மதம் மாறச் சொல்கிறவர் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம்.

மாத்திரை எழுதுவது வைத்தியர், உளவளத்துணையாளர் அல்ல. ஆளை மாற்றினாலும், வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

யாராவது சாகிற பேச்சுப் பேசினால், மருந்துப் போத்தலை ஒளித்து வைத்தால், அந்த நேரத்தில் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆளைத் தனியே விடாமல், போத்தலை அப்புறப்படுத்திவிட்டு, கிட்டடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்காம்பிரா சுவரிலும் கொழுந்து மடுவத்திலும் அதைப் பெரிதாக எழுதி ஒட்டும்படி தோட்டத் தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.