கேமரன் மலையின் பழைய லேண்ட் ரோவர்: வைத்திருந்தவர்கள் ஏன் மறப்பதில்லை?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுபவர்கள் ரிங்லெட்டைத் தாண்டியதும் அந்த வண்டிகளைப் பார்க்கலாம். காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, சாயம் போய், சிலவற்றில் கதவும் இல்லாமல், பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் செம்மண் பாதைகளில் ஓடுகின்றன. இளமையில் அப்படி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்த நம்மவர்கள் பலர் இன்று தாத்தாக்கள். பேச்சு அந்த வண்டிப் பக்கம் திரும்பினால் போதும், அவர்களுக்கு வயது குறைந்துவிடும்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த அந்நேரத்தில் பிரிட்டனில் இரும்புத் தகடு கிடைப்பது கடினம். அதனால் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதே ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. போலீசும் இராணுவமும் தோட்டத் துரைமார்களும் காட்டுப் பாதைகளில் இந்த வண்டியைப் பயன்படுத்தினர். பின்னர் பழைய வண்டிகள் கைமாறி, காய்கறித் தோட்டங்களுக்கும் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தன.

அதை ஓட்டுவதே தனிப் பாடம். 1958-க்குப் பின் வந்த மாடல்களில் வழக்கமான கியரோடு மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். வண்டியை நிறுத்திவிட்டுச் சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் வேகம் குறைந்து இழுவை கூடும். மழையில் வழுக்கும் மேட்டில் மூட்டைகளோடு ஏற அதுதான் துணை. அவற்றில் பழைய வண்டிகளில் முதல் இரண்டு கியர்களுக்கு இறங்க, கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். தவறினால் பல்சக்கரம் கத்துவது பக்கத்து லயத்துக்கும் கேட்கும்.

பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றலாம். அப்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும் என்பது பெரியவர்களின் எச்சரிக்கை. எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறிந்துவிடும். பட்டறைக்குப் போகக் காசில்லாத இளைஞர்கள் ஸ்பேனரைக் கையில் எடுத்து, தாங்களே கழற்றி மாட்டிப் பழகினார்கள். சம்பளத்தை விழுங்கிய வண்டி கைத்தொழிலையும் கற்றுக்கொடுத்தது.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அலுமினிய உடல் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. அதைத் தாங்கும் சேசிஸ் இரும்பு. அதன் குழாய் போன்ற உட்புறத்தில் சேறு தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் வண்டி அடியில் உளுத்துப் போயிருக்கலாம். எனவே பழையதை வாங்க நினைக்கும் இளைஞர்கள் சாயத்தைப் பார்த்து மயங்காமல், அடியில் குனிந்து சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமான ஒலி வந்தால் அங்கே துரு தின்றிருக்கலாம்.

அந்த வழியில் வந்த கடைசி டிஃபெண்டர் 2016 ஜனவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இருப்பவற்றைக் காப்பாற்றினால்தான் உண்டு.

வீட்டின் பின்புறம் அப்பாவின் பழைய வண்டி கிடந்தால், பழைய இரும்புக்கு எடைபோடும் முன் அதன் கெரானைத் தேடி எடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஜேபிஜே அலுவலகத்தில் விசாரியுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், முதலில் வாரிசுரிமை நடைமுறையை முடிக்க வேண்டியிருக்கும். அப்பா இன்னும் இருந்தால் வேலை எளிது. கெரான் எங்கே என்று அவரிடம் கேட்கலாம். கம்பியை எப்படிச் சுற்றுவது என்றும் அவரே காட்டிக்கொடுப்பார்.