இணைய விளையாட்டு வழிகாட்டிகள்: புதியவர்கள் எந்தளவிற்கு நம்பலாம்?

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருக்கின்ற அக்குறணை, வணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊராகும். கடைகளில் வேலை முடிந்த பின்னரும், பாடசாலையும் பிரத்தியேக வகுப்பும் முடிந்த பின்னரும் இவ்வூர் இளைஞர்கள் பலரின் கைகளில் இன்று இருப்பது கையடக்கத் தொலைபேசியே. அதில் ஓடிக்கொண்டிருப்பது பப்ஜி, ப்ரீ பயர், மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற ஏதேனுமொரு விளையாட்டாக இருக்கக் காண்கின்றோம். இது அக்குறணைக்கு மட்டும் உரிய நிலைமையன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் காட்சி இதுவேதான்.

பெரியோர் இதனை நேர விரயம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கி விடுகின்றனர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், விளையாட்டை மட்டும் பார்த்துச் சலித்துக்கொள்கின்ற நாம், அதனோடு சேர்ந்து நடைபெறுகின்ற இன்னொரு காரியத்தைக் கவனிக்கத் தவறிவிடுகின்றோம். களத்தில் இறங்குவதற்கு முன்னர் இவ்விளைஞர்கள் தேடுகின்றனர், வாசிக்கின்றனர், காணொளி பார்க்கின்றனர். முன்பின் அறியாத ஒருவர் எழுதி வைத்த ஆலோசனையை நம்பி அதன்படி செயற்படுகின்றனர். அந்த நம்பிக்கை எந்தளவிற்குப் பொருத்தமானது என்பதே இங்கு நாம் ஆராய விரும்புகின்ற விடயமாகும்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தைத் தெரிவு செய்து, அதற்குரிய ஆற்றல்களையும் ஆயுதங்களையும் பொருட்களையும் படிப்படியாகச் சேர்க்க வேண்டியுள்ளது. எதை முதலில் பெறுவது, எதைத் தவிர்ப்பது, எந்த இரண்டு ஆற்றல்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்ற தெரிவுகளின் மொத்தத் தொகுப்பையே ஆட்டக்காரர்கள் 'பில்ட்' என்று அழைக்கின்றனர். அத்தொகுப்பை விளக்கி அனுபவசாலிகள் எழுதி வைப்பதே பில்ட் வழிகாட்டியாகும். தெரிவுகள் எத்துணை விரிவானவை என்பதற்கு ஓர் உதாரணம்: நியூசிலாந்து நிறுவனமொன்று 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாத் ஒப் எக்ஸைல்' விளையாட்டின் ஆற்றல் வரைபடத்தில் 1,300க்கும் மேற்பட்ட கணுக்கள் உள்ளன. புதிதாக வருகின்ற ஒருவர் அதனைக் கண்டு மலைத்து நிற்பது இயல்பே.

இவ்வழிகாட்டிகள் எங்கே பகிரப்படுகின்றன? 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கேம்ஃபேக்ஸ் தளமே இத்துறையின் பழைய களஞ்சியங்களுள் ஒன்றாகும். படமேதுமின்றி வெறும் எழுத்துகளால் ஆன நீண்ட குறிப்புகளை ஆர்வலர்கள் அங்கே எழுதிக் குவித்தனர். 2004ஆம் ஆண்டு 'வேர்ள்ட் ஒப் வோர்கிராப்ட்' வெளியான பின்னர், கணக்குப் போட்டு நிறுவிக் காட்டுகின்ற புதிய வகை எழுத்து வளர்ந்தது. எந்த ஆற்றல் எவ்வளவு பயன் தரும் என்பதைச் சூத்திரங்கள் மூலம் ஆராய்ந்தவர்கள் அதில் தோன்றினர். 'லீக் ஒப் லெஜண்ட்ஸ்' ஆட்டக்காரர்கள் மோபாஃபயர் தளத்தில் வழிகாட்டிகளை எழுதினர். வாசகர்கள் அவற்றுக்கு வாக்களித்தனர். 2013ஆம் ஆண்டு வெளியான 'டோட்டா 2' விளையாட்டிலோ வழிகாட்டி ஆட்டத்திற்குள்ளேயே வந்து சேர்ந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்பதை அது திரையில் காட்டுகின்றது. மொபைல் லெஜண்ட்ஸில் முன்னணி ஆட்டக்காரர்களின் தெரிவுகளைத் தொலைபேசியிலேயே பிரதி செய்துகொள்ளவும் முடிகின்றது. இவற்றோடு ரெடிட், யூடியூப், டிஸ்கோர்ட், வட்ஸ்அப் குழுக்கள் என்று பகிர்விடங்கள் பெருகியுள்ளன.

இந்த உழைப்பின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 'டோட்டா 2' விளையாட்டுக்கு டோர்ட் டி லினி என்ற புனைபெயரில் ஒருவர் எழுதி வருகின்ற வழிகாட்டிகளை உலகெங்கும் புதியவர்கள் பின்பற்றுகின்றனர். விளையாட்டில் மாற்றம் வரும்போதெல்லாம் அவர் அவற்றைத் திருத்தி வெளியிடுகின்றார். தான் கற்றதை முன்பின் அறியாதவருக்கு எழுதி வைப்பது ஓர் அறிவுக் கொடையேயாகும். நூற்றுக்கணக்கான தெரிவுகளுக்கு நடுவே திகைத்து நிற்பவருக்கு அது முதலடி வைக்கத் துணிவைத் தருகின்றது. குழுவாக ஆடும் விளையாட்டில் தன் அறியாமையால் மற்றவர்களின் ஆட்டத்தையும் கெடுத்து ஏச்சு வாங்குவதிலிருந்தும் அவரைக் காக்கின்றது. எனவே வழிகாட்டியே வேண்டாம் என்று கூறுவது எமது நோக்கமன்று.

எனினும் நம்புவதற்கு முன்னர் சிந்திக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன.

முதலாவது, காலம். 2000ஆம் ஆண்டு வெளியான 'டயப்லோ 2' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் ஆற்றலுக்கு ஒருமுறை வழங்கிய புள்ளியைத் திரும்பப் பெற முடியாது. 2003ஆம் ஆண்டு வெளியான 1.10 என்ற திருத்தப் பதிப்பு, ஆற்றல்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் புதிய முறையைப் புகுத்தியது. அதுவரை சரியாக இருந்த ஆலோசனைகள் பல அத்துடன் பிழையாகிப் போயின. பழைய குறிப்பை நம்பிப் புள்ளிகளைச் செலவிட்டவர் அத்தனை நாள் உழைப்பையும் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. புள்ளிகளை மீளப்பெறும் வசதி 2010ஆம் ஆண்டில்தான் அவ்விளையாட்டுக்கு வந்தது. இன்றோ மாற்றத்தின் வேகம் மேலும் கூடியுள்ளது. 'லீக் ஒப் லெஜண்ட்ஸ்' ஏறக்குறைய இரு வாரங்களுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றது. 'டோட்டா 2' விளையாட்டின் களம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரே திருத்தத்தில் 40 சதவீதம் பெரிதாக்கப்பட்டது. ஆனால் பழைய வழிகாட்டி இணையத்தை விட்டு மறைவதில்லை. நெடுங்காலமாகச் சேர்ந்த வாக்குகளோடு, புதியதை விட மேலான இடத்தில்கூட அது வீற்றிருக்கலாம். வாக்குகளின் எண்ணிக்கை ஒரு குறிப்பு நேற்றுப் பலருக்குப் பிடித்திருந்தது என்பதைக் காட்டுமேயன்றி, இன்று அது சரியானது என்பதைக் காட்டாது.

இரண்டாவது, ஆள். உலகத் தரத்தில் ஆடுபவரின் பில்ட் அவருடைய கை வேகத்திற்கும், அவருடன் நிற்கும் நால்வரின் ஒத்துழைப்பிற்கும் ஏற்ப அமைந்தது. சாகசம் புரிந்து தப்பத் தெரிந்தவர் பாதுகாப்புப் பொருளை வாங்காமல் விடுவார். புதியவர் அதையே செய்தால் முதல் நிமிடத்திலேயே வீழ்வார். தேர்ந்த சாரதி வளைவில் ஓட்டும் வேகத்தில், நேற்று அனுமதிப்பத்திரம் பெற்றவர் ஓட்டலாமா? ஆலோசனை சரியாக இருந்தும், அது யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவர் நாமல்ல என்பதே பல வேளைகளில் தோல்விக்குக் காரணமாகின்றது.

மூன்றாவது, இலாபம். எழுதுபவர் அனைவரும் கொடையாளிகள் அல்லர். பார்வையாளர் தொகையே வருமானம் என்றாகிவிட்ட யூடியூபில், 'தோற்கவே முடியாத பில்ட்' என்ற தலைப்பு உண்மையை விடக் கவர்ச்சிக்காகவே வைக்கப்படுகின்றது. சில ஆலோசனைகள் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருட்களை நோக்கியே வாசகரை நகர்த்துகின்றன. அதனிலும் ஆபத்தானவை, ப்ரீ பயர் வைரங்களையோ பப்ஜி நாணயங்களையோ இலவசமாகப் பெற்றுத் தருவதாகக் கூறும் போலி வழிகாட்டிகளாகும். அவை காட்டும் இணைப்பை அழுத்தி, கேட்கும் கோப்பைத் தரவிறக்கி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் கணக்குப் பறிபோகின்றது. அதே தொலைபேசியில் தந்தையின் வங்கிச் செயலியும் இருக்குமாயின் இழப்பு விளையாட்டோடு நிற்பதில்லை. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்திற்கு வெளியே எவரும் அதன் நாணயத்தை இலவசமாக உண்டாக்கித் தர முடியாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் அழுத்திச் சொல்லி வைப்பது பெற்றோரின் கடமையாகும்.

நான்காவது, மொழி. எமது சமூகங்களைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமானது என நாம் கருதுகின்றோம். தரமான வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. ஒரு நல்ல வழிகாட்டியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, எதைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற பட்டியல். மற்றையது, அதை ஏன் தெரிவு செய்ய வேண்டும் என்ற விளக்கம். தமிழ் மொழிமூலம் கற்கும் மாணவர் பட்டியலைப் படங்களைப் பார்த்தே பிரதி செய்துவிடுகின்றார். விளக்கத்தையோ வாசிக்காமலே கடந்து செல்கின்றார். பட்டியல் அடுத்த திருத்தத்தில் காலாவதியாகிவிடும்; விளக்கமே நெடுநாள் பயன் தரும். ஆகவே அவர் கைக்குக் கிடைப்பது அழியும் பகுதி. நழுவிப் போவது நிலைக்கும் பகுதி.

இந்தப் பழக்கம் விளையாட்டிலிருந்து தொடங்கியதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மனனம் செய்து, வினா சற்று மாறி வந்தவுடன் திணறுகின்ற மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். விடையைப் பெற்றுக்கொண்டு காரணத்தைக் கேளாதிருப்பது வகுப்பறையில் நாமே பழக்கிவிட்ட ஒன்றாகும்.

காரணம் கேளாமை எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்பதை அக்குறணை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறையில் உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி பரப்பப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டியே என்பது பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆனால் அதற்கு முன்னரே வன்முறை நிகழ்ந்து முடிந்திருந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, சமூக ஊடகங்களில் பரவிய செய்திகள் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தன. அரசாங்கம் அவற்றைச் சுமார் ஒரு வார காலம் முடக்கி வைக்க நேர்ந்தது. அவ்வன்முறையில் தனது தளத்திற்கு இருந்த பங்கிற்காக 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

விளையாட்டு வழிகாட்டியையும் வெறுப்புப் பிரசாரத்தையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒன்றில் நம்பி ஏமாந்தால் ஓர் ஆட்டம் தோற்கும். மற்றையதில் மனித உயிர்கள் போகும். ஆயினும் இரண்டிலும் தேவைப்படுகின்ற மனப்பயிற்சி ஒன்றேயாகும். இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதைக் கொண்டு சொல்கின்றார், இதனால் அவருக்கு என்ன இலாபம் என்ற நான்கு கேள்விகளை ஒரு பிள்ளை தனக்குப் பிரியமான விளையாட்டிலேயே கேட்டுப் பழகுமாயின், நாளை வட்ஸ்அப்பில் வருகின்ற செய்தியிடமும் அதையே கேட்கும். தோற்றாலும் பெரிதாக எதையும் இழக்காத இடத்தில் இப்பயிற்சியைப் பெறுவது நல்லதே.

ஆகவே புதியவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். வழிகாட்டியைப் பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் எவ்வழிகாட்டியும் இன்றிச் சில ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். எங்கே தடுமாறுகின்றோம் என்பதை அறிந்தவருக்கே ஆலோசனை விளங்கும். குறிப்பு எந்தப் பதிப்பிற்கு எழுதப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதைப் பாருங்கள். புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டதைத் தெரிவு செய்யுங்கள். காரணம் கூறாத பட்டியலை விட, காரணம் கூறுகின்ற எளிய குறிப்பே மேலானது. ஒரே விடயத்தை இருவர் எழுதியிருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். அவர்கள் முரண்படும் இடத்தில்தான் நீங்கள் கற்பதற்கு ஏதோ இருக்கின்றது. சில வாரங்கள் சென்றதும் ஒரேயொரு தெரிவை உங்கள் விருப்பப்படி மாற்றிப் பாருங்கள். தோற்றால் ஏன் தோற்றோம் என்று யோசியுங்கள். கோப்பைத் தரவிறக்கச் சொல்லுகின்ற, கடவுச்சொல் கேட்கின்ற எதையும் வழிகாட்டியென்று எண்ணாதீர்கள்.

அனுபவம் பெற்றவர்களிடம் எமக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் ஏழு மின்விளையாட்டுகள் பதக்கத்திற்குரியவையாக இடம்பெற்றன. எமது நாட்டிலும் பாடசாலைகளுக்கிடையிலான மின்விளையாட்டுப் போட்டிகள் நடத்தப்பட்டுள்ளன. இத்துறையில் தமிழ் மொழிமூல மாணவர்கள் பின்தங்காதிருக்க வேண்டுமாயின், விளக்கங்கள் தமிழில் எழுதப்பட வேண்டும். அக்குறணையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கின்ற ஓர் இளைஞர் தான் கற்றதைத் தெளிந்த தமிழில், காரணத்தோடு, திகதியிட்டு எழுதுவாராயின், அவருக்குப் பின்னே வருகின்றவர் படத்தைப் பார்த்துப் பிரதி செய்கின்ற நிலை மாறும். எழுத முனைகின்றவரே தன் அறிவில் உள்ள ஓட்டைகளையும் கண்டுகொள்வார்.

பெற்றோரும் இன்றிரவு பிள்ளையின் தொலைபேசியைப் பறிப்பதற்கு முன்னர், அதில் அவன் பின்பற்றுகின்ற வழிகாட்டியைக் காட்டச் சொல்லி, "இதை ஏன் நம்புகிறாய் மகன்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அவனிடம் பதில் இருக்குமாயின் மகிழ்ச்சியடையலாம். இல்லையெனில் இருவரும் சேர்ந்து தேடத் தொடங்கலாம்.